பனி நுழையாத வீடு

தேவசிகாமணியின் வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. இரண்டு பக்கமும் உண்டு. கார்த்திகை பிறந்துவிட்டால் பனி அந்த வழியாக உள்ளே வந்து, கட்டிலையும் பீரோவையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபக்கமாக வெளியே போகும். ரிட்டையரான பிறகு செம்மநத்தம் போகிற பாதையில் அவரே நின்று கட்டிய வீடு அது. கொத்தனார் மறந்துவிட்டுப் போன குறை என்று நினைத்தவர்கள் உண்டு. கஞ்சத்தனம் என்றவர்களும் உண்டு. முப்பது வருஷம் கருங்காலி எஸ்டேட் ஸ்டோரில் பனியை மறித்த மனுஷனுக்குச் சொந்த வீட்டில் மறிக்கத் துப்பில்லை என்று பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அவர் காதில் விழும்படியாகவே சிரிப்பார்கள். அவர் மனைவி அமலி இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவாள்.

சிரிக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நடந்தது தெரிந்தவர்கள் அவரைச் சேர்த்து எட்டுப் பேர்தான், அதில் ஒருத்தி மண்ணுக்குள் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமிருப்பவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள்.

முதலில் ஸ்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழத்தை உரித்து, கழுவி, களத்தில் காயவைத்த காப்பிக் கொட்டை கெட்ட பழக்கம் உள்ள சரக்கு. எத்தனை நாள் காய்ந்திருந்தாலும் பக்கத்தில் ஈரம் இருந்தால் குடித்துவிடும். குடித்தால் வெளுக்கும், பூசணம் பிடிக்கும். வருஷம் முழுக்க ஐந்நூறு பேர் பாடுபட்டது ஒரு மாதப் பனியில் குப்பைக்குப் போய்விடும். அதனால் ஸ்டோருக்குள் பனி நுழையக்கூடாது. நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்டோர் கீப்பர் தேவசிகாமணியின் வேலை, பெருமை, பைத்தியம் எல்லாம்.

அவருக்கென்று ஒரு சோதனை இருந்தது. நடுப்பகலில் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பார். எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் அங்கே பனி நுழையும் என்று அர்த்தம். பழைய சாக்கைக் கிழித்து, தாரில் முக்கி, கம்பியால் அந்த ஓட்டையில் திணித்து, மேலே சிமெண்ட் பூசுவார். மறுபடி கதவை அடைப்பார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்று ஆகிற வரைக்கும் விடமாட்டார். தலைப்பிள்ளை பிறந்த அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அத்தனை பூரிப்பைப் பார்க்கவில்லை என்று அமலி சொல்வாள்.

ஸ்டோரில் இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே நெருப்பு கூடாது. பீடி கூடாது, கரி அடுப்பு கூடாது. காப்பிக் கொட்டை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், புகை வாடை பட்டால் சரக்கு விலை போகாது என்று அவருக்கு முன்னால் இருந்த கீப்பர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவரும் அதைத் தனக்குக் கீழே இருந்தவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தார். வேறு காரணம் இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்து மழையில் ஆறுமுகம் என்கிற கிழவரின் வீட்டுச் சுவர் விழுந்தது. எஸ்டேட்டில் பழம் உரிக்கிற மெஷினில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து ஓய்ந்தவர். வேலையில் இல்லாதவருடைய சுவருக்கு எஸ்டேட் எப்படிப் பொறுப்பு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் கிழவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு இடிந்த சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததை, வேலைக்குப் போகிற எல்லோரும் தினம் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் தேவசிகாமணிக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு டிரைவர் முனியப்பனையும், தச்சு வேலை பார்க்கிற நல்லமுத்துவையும், களத்து ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். சாயந்தரத்துக்குள் சுவர் எழும்பிவிட்டது.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் யாராவது ஒரு வயசானவர் வீட்டில் வேலை. ஒழுகுகிற கூரை, உட்கார்ந்துபோன தரை, சாய்ந்த கதவு. கூலி கிடையாது, ஒரு வாய் காப்பி கிடைத்தால் சரி. 'ஞாயித்துக்கெழமை செட்டு' என்று மற்றவர்கள் கேலிப் பெயர் வைத்தார்கள். கேலி செய்தவர்களே பிறகு தங்கள் அப்பன் வீட்டுக் கூரைக்காக வந்து நின்றார்கள். மேனேஜரும் மனசு வந்து, பிரித்துப்போட்ட பழைய ஷெட்டின் தகரங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு வருஷம் தேவசிகாமணி தரையில் கால் பாவாமல் நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்புக்கு அவ்வளவு போதை உண்டு.

எஸ்டேட் வேலிக்கு அந்தப் பக்கம் சித்தனின் காடு. மலையில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கிற குடும்பம். ராகி, சாமை, நாலு ஆரஞ்சு மரம், பிள்ளைகள் இல்லாத கிழவனும் கிழவியும். அவர்கள் காட்டில் ஓர் ஊற்று இருந்தது. சித்திரை மாதத்தில் எஸ்டேட் பைப்பில் காற்று மட்டும் வரும்போது கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்து ஜனம் முழுவதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போகும். ஒரு வருஷம்கூடச் சித்தன் வேண்டாம் என்று சொன்னதில்லை. வரப்பை மிதித்தாலும் மிளகாய்ச் செடியை மிதித்தாலும் அவர் மனைவி கண்ணாயி குடத்தைத் தூக்கிவிடத்தான் வருவாள். அமலி கர்ப்பமாக இருந்த கோடையில், குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்து இறக்கிவிட்டுப் போனவள் அவள்தான்.

சித்தனுக்கு நெஞ்சில் சளி. எண்பத்து மூன்று மார்கழியில் பிழைத்ததே பெரிய காரியம். பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்தெல்லாம் இரண்டாவது, இந்தப் பனி நெஞ்சில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொரு மார்கழி இப்படி வந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பனி என்ற சொல்லைக் கேட்டதும் தேவசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்ற எந்த நோயாக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது. பனியை மறிக்கத் தெரியும். அந்த மலையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. எப்படியாவது கிழவரை அடுத்த மார்கழி தாண்டிக் கரை சேர்த்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

எண்பத்து நாலு ஐப்பசியில் செட்டு சித்தன் வீட்டுக்குள் இறங்கியது. மண் சுவர், புல் வேய்ந்த கூரை. நடு வீட்டில் அடுப்பு. புகை மேலே போய், பரணில் இருக்கிற ராகியைத் தடவி, புல்லின் இடுக்கு வழியாக மெதுவாகக் கசிந்து வெளியே போகும். வெளியே இருந்து பார்த்தால் கூரையே மூச்சு விடுகிற மாதிரி தெரியும். தேவசிகாமணிக்கு அந்தக் கூரையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம். உள்ளே நின்று அண்ணாந்தால் ஒரு பொட்டு அல்ல, ஆயிரம் பொட்டு வெளிச்சம்.

புல்லைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுகிறோம், இடுக்கையெல்லாம் ஸ்டோர் மாதிரி அடைத்துவிடுகிறோம் என்றார். சித்தன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். படிக்காத மனுஷன். ஆனால் கேட்க வேண்டியதை அவர்தான் கேட்டார்.

"எல்லாத்தையும் அடைச்சுப்போட்டா, பொகை எங்கீங்க போகும்?"

அதற்கும் தேவசிகாமணியிடம் பதில் தயாராக இருந்தது. அடுப்பையே வெளியே கொண்டுபோய்விடலாம். சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, சமையலை அங்கே வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் புகையே இருக்காது, இருமலுக்கும் நல்லது. கண்ணாயிக்குக் கொஞ்சம் தயக்கம்தான். அடுப்பில்லாத வீட்டுக்குள் எப்படிப் படுப்பது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குவார்ட்டர்ஸில் எல்லாம் அடுப்பங்கரை தனியாகத்தானே இருக்கிறது என்று முனியப்பன் சமாதானம் சொன்னான்.

நான்கு ஞாயிறு வேலை நடந்தது. கடைசி நாள் மத்தியானம், ஐந்து பேரும் கிழவனும் கிழவியும் உள்ளே நிற்க, தேவசிகாமணி கதவைச் சாத்தினார். அண்ணாந்து பார்த்தார்கள். மூலையில் ஒரு பொட்டு தெரிந்தது. வெளியே போய் ஏணி வைத்து அதையும் அடைத்துவிட்டு வந்தார். மறுபடி கதவைச் சாத்தினார். மையிருட்டு. நல்லமுத்து கை தட்டினான், மற்றவர்களும் தட்டினார்கள்.

"பகல்லயே ராத்திரியாட்டம் இருக்குதுங்களே, சாமி" என்றாள் கண்ணாயி.

"அப்படித்தானுங்கம்மா இருக்கோணும். இனிப் பனி நுழையாதுங்க" என்றார் தேவசிகாமணி.

அன்று வீட்டுக்குப் போய் அவர் சோற்றைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வயிறு சந்தோஷத்திலேயே நிறைந்திருந்தது.

ஆனால் தகரம் பனியைத்தான் நிறுத்தும், குளிரை நிறுத்தாது. புல் கூரைக்குக் கீழே இருந்த கதகதப்பு போய்விட்டது. அடுப்பும் உள்ளே இல்லை. கார்த்திகை பாதியில் சித்தனுக்கு நடுக்கம் கண்டது. தேவசிகாமணி ஒரு இரும்புச் சட்டியும், காப்பிக் கட்டையைச் சுட்டெடுத்த கரி ஒரு மூட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே கனிய வைத்து, நன்றாகச் சிவந்த பிறகு உள்ளே வைத்தால் துளிப் புகை வராது, இருமாது, சூடு மட்டும் இருக்கும் என்றார். கங்கு வைத்துக் குளிர் காய்வது அந்த மலையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கண்ணாயியின் தாயும் பாட்டியும் செய்ததுதான். அவர்கள் கூரை மூச்சு விட்டது, இந்தக் கூரை விடாது என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

கங்கு வந்த பிறகு கிழவர் தேறினார். முகத்தில் தெளிவு வந்தது. அவ்வப்போது தலை கனக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னார். கண்ணாயி கதவைத் திறந்து திறந்து போய்வருவதால் குளிர் காற்று தலையில் ஏறுகிறது என்று தேவசிகாமணி கண்டுபிடித்தார். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடுக்கு இருந்தது. போகும்போது சாத்திவிட்டு, அடியில் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கதவுக்குப் பக்கத்தில் குந்தி, சாக்கை எப்படிச் சுருட்ட வேண்டும் என்று காட்டியும் கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று காலையில் நல்ல பனி, எதிரில் வருகிறவர் தெரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கண்ணாயி டப்பாவை எடுத்துக்கொண்டு மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் கிளம்பினாள். போகுமுன் கிழவருக்கு ராகிக் கூழ் கொடுத்து, போர்த்திவிட்டு, சட்டி நிறையக் கங்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, சொன்னபடியே வெளிப்பக்கத்திலிருந்து சாக்கைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போனாள். வரிசையில் நின்று, ஜீப்புக்குக் காத்திருந்து, அவள் திரும்பும்போது மணி இரண்டரை.

அவள் போட்ட சத்தம் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. தேவசிகாமணி வேலியைத் தாண்டி ஓடினார். அதற்குள் அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். சித்தன் தூங்குகிறவர் போலப் படுத்திருந்தார். முகத்தில் வேதனை இல்லை. கன்னம் இரண்டும் வாலிபப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி சிவந்திருந்தது. இந்த வயசில் இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். போன வருஷம் விறைத்துச் செத்திருக்க வேண்டியவர், இந்த வருஷம் கதகதப்பாகப் போய்ச் சேர்ந்தார், எல்லாம் ஸ்டோர்க்காரர் புண்ணியம் என்றார்கள். ஒருவர் தேவசிகாமணியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் தேவசிகாமணி மூலையில் இருந்த கூடையைப் பார்த்தார். அடை வைத்த கோழி. முட்டைகளின் மேல் இறக்கையை விரித்தபடி, கழுத்து ஒரு பக்கம் தொங்க, செத்துக் கிடந்தது.

கண்ணாயியும் பார்த்தாள். அவர் கையால் தீனி தின்ற கோழி, அவர் கூடவே போய்விட்டது என்று அழுதாள். அங்கே இருந்த பெண்களுக்கு மெய் சிலிர்த்தது. தேவசிகாமணி குனிந்து கோழியைத் தொட்டுப் பார்த்தார். கிழவருக்கு வயசு, நெஞ்சுச் சளி, விதி என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கோழிக்கு என்ன வந்தது? அடைத்த அறை, கரி நெருப்பு, உள்ளே நெருப்பு கூடாது என்கிற சட்டம். இருபத்து மூன்று வருஷமாக ஸ்டோர் வாசலில் அவரே சொல்லிக்கொண்டிருந்த சட்டம். காப்பிக்கு ஆகாது என்று தெரிந்தவருக்கு மனுஷனுக்கு ஆகாது என்று தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்வார்கள். குரங்காய் முடிந்தாலாவது அது ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ளும்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பவுண்டரிடம் போய், யாருக்கோ நடந்தது போலக் கேட்டார். அவர் படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, ஆமாம், கரிப்புகை கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, அடைத்த இடமாக இருந்தால் ஆளை முடித்துவிடும் என்றார். அப்புறம் நிமிர்ந்து தேவசிகாமணியின் முகத்தைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

செட்டுக்காரர்கள் நான்கு பேரிடமும் சொன்னார். நல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முனியப்பன்தான் முதலில் பேசினான். தெரியாமல் செய்தது, வெளியே சொன்னால் போன உயிர் திரும்பாது, அந்தக் கிழவி மனசு உடைந்துபோகும், இத்தோடு விட்டுவிடலாம் என்றான். இதற்குள் மேனேஜர், சித்தன் வீட்டுப் பெருமையைக் கேட்டு, இன்னும் ஆறு வீட்டுக்குத் தகரமும் சிமெண்டும் எழுதிவிட்டிருந்தார். சுவர் எழும்பியும் கூரை அடைபடாத ஆறுமுகம் உட்பட ஆறு வீட்டுக் கிழடுகளும் காத்திருந்தார்கள். செட்டு போகவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. ஏனுங்க, சித்தன் ஊட்டுக்கு மட்டுந்தான் உங்க கை நீளுமா என்று ஆறுமுகம் கிழவர் நடு ரோட்டில் நிறுத்திக் கேட்டார். தேவசிகாமணி தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆனால் இத்தோடு விட முடியாத ஒன்று இருந்தது. கண்ணாயி இப்போது அந்த வீட்டில் தனியாகப் படுத்தாள். கங்கு வைத்துக்கொண்டு படுத்தாள்.

அமலி யோசனை சொன்னாள். காரணம் சொல்லாமல் மேலே ஒரு வழி மட்டும் திறந்துவிட்டு வந்துவிடுங்கள் என்றாள். நல்ல யோசனைதான். மறுநாள் காலையில் கடப்பாரையோடு போனார். தகரம் வேர்க்கும், கொஞ்சம் காற்று வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினார். கண்ணாயி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏறவிடவில்லை.

"பிரிக்காதீங்க, சாமி. அவரு குளிராம தூங்குன ஊடுங்க இது. நானும் அப்படியே போயிட்டா நொம்பப் புண்ணியம்" என்றாள். கரி தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு மூட்டை கிடைக்குமா என்றும் கேட்டாள்.

ஏணியின் இரண்டாவது படியில் நின்றபடி அவர் கீழே பார்த்தார். சொன்னால் இவள் உயிரோடு செத்துப்போவாள். சொல்லாவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ நிஜமாகவே சாவாள். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்குமா என்று தேடிப் பார்த்தார். ஓட்டை கண்டுபிடிப்பதே தொழிலாக இருந்தவருக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை. இறங்கி, தரையில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னார். அடைத்தது நான், கரி கொடுத்தது நான், சாக்கு வைக்கச் சொன்னதும் நான் என்று மூன்று முறை சொன்னார். அடித்தாலும் ஏசினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஏச மாட்டாளா என்று ஏங்கினார் என்பதுதான் நிஜம்.

கண்ணாயி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"கங்கு வெச்சது நானுங்க" என்றாள். "சாக்க அடைச்சதும் நானுங்க. அடைச்சுப்போட்டு, ஒரு தரம் காலால மிதிச்சும் உட்டேனுங்க. நல்லா அடையட்டும்னு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உங்களச் சொல்லலீங்க, சாமி. நீங்க பிரிச்சுட்டுப் போங்க."

அவர் ஏறி, இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்டையும் தார்ச் சாக்கையும் பெயர்த்தெடுத்தார். வீட்டுக்குள் வெளிச்சம் விழுந்தது. பனியும் வந்தது.

அதன் பிறகு கண்ணாயி நெருப்பு மூட்டவில்லை. வீட்டுக்குள்ளும் இல்லை, வெளியே சாய்ப்பில் இருந்த அடுப்பிலும் இல்லை. யாராவது கொடுத்த பழைய களியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். ராகி மாவை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். துக்கத்தில் இருக்கிறாள், நாள் போனால் சரியாகிவிடும் என்று ஊரார் நினைத்தார்கள். அமலி இரண்டு வேளை சுடுசோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். சோற்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஆவி அடங்கி ஆறின பிறகுதான் கை வைப்பாள். கம்பளி கொடுத்தார்கள். மடித்துச் சித்தன் படுத்திருந்த கட்டிலின் மேல் வைத்துவிட்டாள். தை மாதத்துக் குளிர் அந்த வருஷம் மார்கழியைத் தோற்கடித்தது. பாறை மேல் நின்ற தண்ணீர்கூடக் காலையில் ஏடு கட்டியிருந்தது.

ஒரு சாயந்தரம் தேவசிகாமணியால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்ததும் தன் வீட்டு அடுப்பிலிருந்து கங்கு எடுத்துச் சட்டியில் போட்டு, சூடு சுடச் சுடத் தூக்கிக்கொண்டு போனார். கதவை அகலத் திறந்துவைத்தார். மேலே இரண்டு பக்கமும் திறந்துதான் கிடந்தது. பயமே இல்லை. சட்டியை நடு வீட்டில், பழைய அடுப்பு இருந்த இடத்தில் வைத்து, நான் கூடவே உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினார்.

கண்ணாயி சட்டியைப் பார்த்தாள். எழுந்தாள். சேலை முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே போய், ஆரஞ்சு மரத்துக்குக் கீழே நின்றாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் உருவம் மட்டும்தான் தெரிந்தது.

"உள்ள வாங்கம்மா. கதவு தொறந்துதானுங்க இருக்குது" என்றார்.

"அது அணையட்டுங்க, சாமி. அணைஞ்சதும் வாரேன்."

காப்பிக் கட்டைக் கரி லேசில் அணையாது. இரண்டு மணி நேரம் நிற்கும். அவர்தானே நல்ல கரி என்று தேர்ந்தெடுத்தது. பத்து நிமிஷம் பொறுத்தார். அவள் நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது. குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டுவந்து, அவரே தன் கையால் கங்கின் மேல் ஊற்றினார். சீறிக்கொண்டு ஆவி எழுந்து, மேலே அவர் உடைத்த சந்து வழியாக நேராக வெளியே போனது. அதன் பிறகுதான் கண்ணாயி உள்ளே வந்தாள். அவர் வெறும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டினார். அதற்கப்புறம் நெருப்புக் கொண்டுபோகவில்லை.

மாசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது அவள் போய்விட்டாள். காலையில் தண்ணீருக்குப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கட்டிலில் இல்லை, வெறும் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முகத்தில் சிவப்பு இல்லை. கம்பவுண்டர் வந்து பார்த்து, குளிர் என்று ஒரே வார்த்தை சொன்னார். தேவசிகாமணியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே எட்டிப்பார்த்த ஒவ்வொருவர் கண்ணும் நேராகச் சுவருக்கு மேலே போயிற்று. ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்த்துப் போட்ட சிமெண்ட், அதன் வழியாக வந்துகொண்டிருந்த பனி. அவர்களுக்குக் கணக்கு எளிதாக இருந்தது. அடைத்திருந்த வரைக்கும் சித்தன் கதகதப்பாக இருந்தார், நல்ல சாவு செத்தார். ஸ்டோர்க்காரர் கடப்பாரையோடு வந்து உடைத்தார், கிழவி விறைத்துப்போனாள். ஆறுமுகம் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். எங்களுக்கெல்லாம் அடைத்துத் தரமாட்டேன் என்றவர், அடைத்ததையும் ஏன் உடைத்தார் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு தேவசிகாமணிக்கு நேராகவே திரும்பினார்.

"ஏனுங்க, நல்லா இருந்த ஊட்ட உடைச்சு, இந்தப் பொம்பளயக் கொன்னுபோட்டீங்களே. நியாயமுங்களா?"

முனியப்பன் கொதித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். தேவசிகாமணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். உண்மையைச் சொன்னால், தரையில் சுருண்டு கிடக்கிறவள்தான் புருஷனை அடைத்துவைத்துக் கொன்றவள் என்று இந்த மலை முழுக்கப் பேசும். மஞ்சக்குட்டை ஜீப்பில் பேசும், தண்ணீர் எடுக்கிற இடத்தில் பேசும். அவள் செத்த பிறகும் விடாது.

"ஆமாங்க" என்றார். "நான்தானுங்க."